பரிசாக வேண்டாம், கைமாற்றாகக் கொடுங்கள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள கோயில் நிர்வாகத்தினருக்கும், இந்தியர் சங்கங்களுக்கும், ஆண்டுதோறும் கல்விநிதி வழங்கும் வணிகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெருநிலப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில், கட்டணம் வாங்கும் முகப்பில் நான் வேலை பார்க்கிறேன். ஒரு பிள்ளையின் பெயர் நினைவுக்கு வருவதற்கு முன்பே அது கட்டவேண்டிய பாக்கி எனக்கு நினைவுக்கு வந்துவிடும். பெருமைப்பட்டுக்கொள்ளும் திறமை இல்லைதான். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது. எந்த மாதத்தில் ஒரு வீட்டில் பணம் வற்றிப்போகிறது, எந்த வாரத்தில் ஒரு மாணவி வகுப்புக்கு வருவதை நிறுத்துகிறாள், உங்கள் உதவித்தொகை எந்தத் தேதியில் வந்து சேர்கிறது, இந்த மூன்றும் என் கணினித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தி நான் பார்த்தது அரிது.

நீங்கள் கொடுப்பதில்லை என்று குறை சொல்ல வரவில்லை. கொடுக்கிறீர்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கிவருகிறது. அது போக, சின்னச் சின்னக் கோயில்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் மண்டபம் பிடித்து, சாப்பாடு போட்டு, தங்களால் இயன்றதைக் கொடுக்கின்றன. தைப்பூசத்தில் உடைக்கும் தேங்காய்க் காசைப் படிப்புக்குக் கொடுக்கக் கூடாதா என்ற பேச்சையும் நான் எடுக்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு அது. தேங்காய் உடைக்கும் அதே ஆள்தான் பல வீடுகளில் தங்கை மகளின் கட்டணத்தையும் கட்டுகிறார். ரசீது நான்தானே எழுதுகிறேன். என் வழக்கு வேறு. உங்கள் பணம் பிந்தி வருகிறது. அப்படிப் பிந்தி வருவதும், பெரும்பாலும், ஏற்கெனவே உதவி கிடைத்துவிட்ட பிள்ளையிடமே போகிறது.

ஐந்தாம் படிவத்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் 2023ஆம் ஆண்டுக்கான முடிவுகள் 2024 மே 27ஆம் நாள் வெளிவந்தன. 2024ஆம் ஆண்டுக்கானவை 2025 ஏப்ரல் 24இல் வந்தன. நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதன் பிறகு நடப்பது மாறுவதில்லை. பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ் போன்ற பெரிய இடங்களின் உபகாரச் சம்பள (ஸ்காலர்ஷிப்) விண்ணப்பங்கள் முடிவையொட்டித் திறக்கின்றன. அவற்றில் சில, சான்றிதழைப் பாட்டியிடம் காட்டி ஆசி வாங்கிவிட்டு வருவதற்குள் மூடிக்கொள்கின்றன. அதே வாரங்களில்தான் மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, டிப்ளோமாவா என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது. அதே வாரங்களில்தான் கல்லூரி முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பிள்ளையின் அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அந்த நெருக்கடியில் முடிவாகிவிடுகின்றன.

உங்கள் கல்விநிதி விழா எப்போது நடக்கிறது? தீபாவளிக்குச் சற்று முன்னர், அல்லது பின்னர். சரியாகச் சொன்னால், சிறப்பு விருந்தினரான டத்தோவுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஒழிகிறதோ அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று மேடையேறி, ஆள் உயர மாதிரிக் காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை எங்கேயோ சேர்ந்து ஒரு தவணை (செமஸ்டர்) முடித்திருக்கும். சேர முடியாமல் போன பிள்ளைக்கு உங்கள் அழைப்பிதழே போயிருக்காது, ஏனென்றால் விண்ணப்பத்தோடு கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தை இணைக்கச் சொல்லியிருப்பீர்கள்.

பணம் இல்லாததால் ஒரு பிள்ளை நின்றுபோவது எந்த இடத்தில் என்று என்னிடம் கேட்டால், மொத்தக் கட்டணத்தில் இல்லை என்பேன். மொத்தக் கட்டணத்திற்குக் கடன் கிடைக்கும். 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் நிதி எவ்வளவு திட்டு வாங்கினாலும், நம் பிள்ளைகளில் பெரும் பகுதியினரைப் படிக்க வைத்தது அதுதான். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம், படிப்பு முடிந்த பிறகு திருப்பிக் கட்டுதல், முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளோடு விலக்கு. இதைவிட மலிவான கடன் நம் வட்டாரத்தில் யாரும் தரமாட்டார்கள். ஆனால் அந்தக் கடன் கைக்கு வர ஒரு வரிசை இருக்கிறது. சேர்க்கைக் கடிதம் வேண்டும்; எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்குத் திறக்கவேண்டும், விண்ணப்பிக்கவேண்டும், ஒப்புதல் வரவேண்டும், ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், அதன் பிறகே பணம். வாரங்கள் ஓடும். ஓர் ஆவணம் தவறினால் மாதங்களும் ஓடும். அந்த இடைவெளியில் கேட்கப்படுவது பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், ஒரு மடிக்கணினி, முதல் மாதச் சாப்பாடு, பஸ் செலவு.

பல பிள்ளைகள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ ரிங்கிட். தாயின் வளையல் ஏற்கெனவே அண்ணனுக்காக அடகுக் கடைக்குப் போயிருக்கும். அடுத்த சேர்க்கைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சிலர் வருகிறார்கள். மற்றவர்களைச் சில மாதங்கள் கழித்து பிறை தொழிற்பேட்டையின் தொழிற்சாலை பஸ்ஸில் பார்க்கிறேன்; சீருடையோடு, சம்பளத்தோடு. அந்தச் சம்பளத்தைக் கண்ட வீடு அதை மறுபடி விட்டுக்கொடுப்பது எளிதில்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் போகும் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகள், கடன் வந்து சேர்வதற்கு முன்பே 1,500 ரிங்கிட் வரை முன்பணம் எடுத்துக்கொள்ள பி.டி.பி.டி.என். வழி வைத்திருக்கிறது. பின்னால் கடனிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளும். இந்த இடைவெளி அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பல வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. என் முகப்புக்கு வரும் தனியார் கல்லூரிப் பிள்ளைகளுக்கோ அந்த வழியும் இல்லை.

எனவே முதல் கோரிக்கை. நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முந்நூறும் ஐந்நூறுமாகப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகையில் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். பரிசாகக் கொடுக்காதீர்கள். முடிவு வந்த மறுவாரமே, சேரப்போகும் பிள்ளைக்குக் கைமாற்றாகக் கொடுங்கள். கடன் பணம் வந்ததும் திருப்பித் தரட்டும். அதே பணம் செப்டம்பரில் சேரும் இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும், ஜனவரியில் வேறொரு பிள்ளைக்கு. திரும்பி வராது என்று பொருளாளர் சொல்வார். சிலது வராது. இப்போது கொடுப்பதில் எதுவுமே திரும்பி வருவதில்லையே, அதை யாரும் நட்டம் என்று எழுதுவதில்லை.

வேண்டுமானால் பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் கல்லூரிக்கோ விடுதிக்கோ நேரே கட்டிவிடுங்கள். எங்கள் முகப்புக்குச் சமூக அமைப்புகளின் கடிதத்தோடு வரும் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஸகாத் அமைப்புகள் உயர்கல்வி தொடங்கும் மாணவர்களுக்கென்றே தொடக்க உதவி வைத்திருக்கின்றன. தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் சிலர் அந்தக் கடிதத்தோடு வருகிறார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய சீனக் குலச் சங்கங்கள் தம் பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் கொடுப்பது நேற்று தொடங்கிய பழக்கம் இல்லை. பொறாமையில் இதைச் சொல்லவில்லை. கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு கடிதத்தை ஓர் அமைப்பு நேரத்தோடு கொடுத்துவிட்டால், 'பணம் வரும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம்' என்று என் மேலதிகாரியிடம் நானே பேசிவிடுவேன். வாட்ஸ்அப்பில் வந்த விழாப் படத்தைக் காட்டி அப்படிப் பேச முடியாது.

அடுத்து, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது.

பத்து ஏ எடுத்த பிள்ளையைக் கோயில் கூப்பிடுகிறது, பள்ளி கூப்பிடுகிறது, சட்டமன்ற உறுப்பினர் கூப்பிடுகிறார், நாளிதழ் படம் போடுகிறது. பாராட்டவேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. பத்து ஏ பெற்ற எல்லா இனத்து மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று அரசு 2024இல் அறிவித்தது. நிறுவனங்களும் அறவாரியங்களும் தேடுவது அந்தப் பிள்ளையைத்தான். இந்த மாநிலத்திலேயே, 2015இல் தொடங்கப்பட்ட பினாங்கு எதிர்கால அறவாரியம் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. படித்து முடித்துப் பினாங்கில் வேலை செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல திட்டம். அதற்கும் உயர்ந்த மதிப்பெண் வேண்டும்.

ஐந்து கிரெடிட் எடுத்த பிள்ளையை யார் கூப்பிடுகிறார்கள்? டிப்ளோமாவுக்குப் போகிறவன், சமூகக் கல்லூரியில் குளிர்சாதனப் பயிற்சிக்குப் போகிறவன், தாதிமைப் படிப்புக்குப் போகிறவள்? எங்கள் பேரேட்டில் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களில் முதல் ஆண்டைத் தாண்டி இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்களை நீங்கள் யாரும் பார்ப்பதே இல்லை. அப்பாவுக்கு வேலை போனதும், லோரி விபத்தில் கால் போனதும், வீட்டைவிட்டு அப்பாவே போனதும் எஸ்.பி.எம். முடிவு வரும் மாதத்தைப் பார்த்து நடப்பதில்லை. மூன்றாம் தவணையில் திடீரென்று பாக்கி விழும் மாணவிக்கு உதவ இந்த வட்டாரத்தில் எந்த அமைப்பிடம் விண்ணப்பப் பாரம் இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். 'அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்' என்பதே வழக்கமான பதில். அடுத்த ஆண்டு அவள் மாணவியாக இருக்கமாட்டாள்.

இங்கே என் சோற்றில் நானே மண் போட்டுக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கல்லூரிகள் பதாகை வைத்து அறிவிக்கும் உபகாரச் சம்பளங்களில் பல, உண்மையில் விலைத் தள்ளுபடிகள். நூறு விழுக்காடு கல்விக் கட்டண விலக்கு என்பார்கள். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி ஆகியவை அந்த நூறுக்குள் வராது. தவணைக்குத் தவணை இன்ன சராசரி எடுக்கவேண்டும் என்ற நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு தவணை வழுக்கினால் முழுக் கட்டணமும் தலையில் ஏறும். கையெழுத்துப் போடும் நாளில் தகப்பனார் அதைப் படிப்பதில்லை. ஆங்கிலத்தில் இருக்கிறது, முகவர் பக்கத்தில் நின்று பேனாவை நீட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் சங்கத்தில் ஒரு வழக்கறிஞர் கட்டாயம் இருப்பார். அந்த வாரங்களில் அவர் மாலையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைப் படித்துச் சொன்னாலே போதும். கூடவே, அந்தப் படிப்புக்கு, கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று இணையப் பதிவேட்டில் பார்த்துவிடலாம். அங்கீகாரம் இல்லையென்றால் பி.டி.பி.டி.என். கடனும் இல்லை.

இனி தொழிற்பயிற்சி. இதைப் பற்றி உங்கள் விழாக்களில் ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. படிப்பு வேலையாக மாறுகிறதா இல்லையா என்பது பாதிக்குமேல் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

டிப்ளோமாவோ பட்டமோ, பெரும்பாலான படிப்புகளின் கடைசிப் பகுதியில் மாணவர் ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள் இன்டர்னாக இருந்தாக வேண்டும். இடத்தைப் பெரும்பாலும் மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். அந்தத் தவணைக்கும் கட்டணம் உண்டு, அதை நான்தான் வாங்குகிறேன். நிறுவனம் கொடுக்கும் படித்தொகை இடத்துக்கு இடம் மாறும். ஒன்றுமே கொடுக்காத இடங்களும் இருக்கின்றன. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பயிற்சி மாணவர் ஊழியர் கணக்கில் வராததால் அது பொதுவாக அவரைத் தொடுவதில்லை. இத்தோடு முடியவில்லை. இதுநாள்வரை மாலையில் உணவகத்திலும் பெட்ரோல் நிலையத்திலும் வேலை செய்து சமாளித்த பிள்ளை, இப்போது காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை அலுவலகத்தில் இருக்கவேண்டியிருப்பதால் அந்த வருமானத்தையும் இழக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது அனுபவம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, படிப்பின் மிகச் செலவான தவணை இதுதான்.

அதனால் அது என்ன செய்கிறது? வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஓர் இடத்தைப் பிடிக்கிறது. மாமாவின் நண்பர் நடத்தும் பட்டறை, பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு சின்ன அலுவலகம். அங்கே கோப்பு அடுக்கிவிட்டு, முதலாளிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறது. தீவுப் பக்கம் இருக்கும் பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற தொழில்வட்டாரம் வந்தது, இன்டெல் வந்தது, பின்னால் எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. அரை நூற்றாண்டாகப் பினாங்குக்குச் சோறு போடும் அந்த ஆலைகளில் பயிற்சிக்குப் போன பிள்ளைக்கு, முடிக்கும்போதே வேலை கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. நம் பிள்ளைகளும் போகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நிபோங் திபாலிலிருந்தோ சுங்கை பாக்காப்பிலிருந்தோ தினம் போய்வருவது எப்படி? பையனாக இருந்தால் மோட்டார் சைக்கிளில் தீவுக்குப் போகும் பாலம் ஏறுகிறான்; 2019இலிருந்து மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக்கட்டணம் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். மழைக்காலத்தில் அந்தப் பாலத்தின் காற்றில் மகனை அனுப்பிய தாய்களிடம் கேட்டுப்பாருங்கள். பெண்ணாக இருந்தால் பேச்சே வேறு. முகம் தெரியாதவர்களோடு வாடகை வீட்டில் விடமாட்டோம் என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அதன் விலை, நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவியின் முதல் வேலை.

இதற்கு உங்களால் முடிந்தவை நிறைய, அவற்றில் பாதிக்குப் பணமே வேண்டாம்.

தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தொழிற்சாலைகளின் இந்திய ஊழியர்கள் பந்தல் போடுகிறீர்கள். நிறுவனத்தின் பெயர் பந்தல் முகப்பில் பளிச்சென்று இருக்கிறது. பொறியியலாளர், மேற்பார்வையாளர், மனிதவளப் பிரிவில் இருப்பவர், எல்லாரும் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். தண்ணீர்ப் பந்தலுக்காக உயிரோடு இருக்கும் அந்த வாட்ஸ்அப் குழு ஆண்டின் மற்ற மாதங்களில் பிறந்தநாள் வாழ்த்து மட்டுமே பரிமாறிக்கொள்கிறது. உங்கள் நிறுவனத்தில் பயிற்சி இடம் எப்போது திறக்கிறது, எந்தப் படிப்புக்காரர்களை எடுப்பார்கள், விண்ணப்பக் கடிதத்தில் என்ன பார்க்கிறார்கள் என்ற மூன்று செய்திகளை, தெரிந்த ஒரு சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். சிபாரிசு கேட்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் தெரியவரும் செய்தி, பிறையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியட்டும் என்கிறேன்.

வணிகர்களே, உங்களிடம் இன்னும் நேராகக் கேட்கலாம். கணக்காய்வு அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம், மருத்துவ நிலையம், பட்டர்வொர்த் துறைமுகத்தை நம்பி ஓடும் சரக்கு நிறுவனம், லிட்டில் இந்தியாவின் நகைக்கடை, அச்சகம்: இவை நம்மவர்கள் நடத்தும் தொழில்கள். ஆளுக்கு ஒரு மாணவரை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, உண்மையான வேலை கொடுத்து, வாழக்கூடிய ஒரு படித்தொகையும் கொடுங்கள். மேடையில் கொடுக்கும் ஆயிரத்தைவிட இது அதிகச் செலவுதான். ஆனால் அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் நடத்தும் கட்டமைப்புப் பயிற்சித் திட்டத்தில் பதிந்து, அதன் விதிகளின்படி எடுத்தால், அந்தச் செலவுக்கு இரட்டை வரிக்கழிவு கோர முடிகிறது. குறைந்த வருமானக் குடும்ப மாணவருக்கு நிறுவனம் கொடுக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் அப்படியொரு சலுகை வந்திருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். இன்றைய நிபந்தனைகளை அவர் சொல்வார். மாலையும் மேளமுமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு ரசீது கேட்கத் தவறாதவர்கள் நீங்கள், இதையும் கேட்கலாம்.

சங்கக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியில் பழைய நாற்காலிகளும் போன ஆண்டுப் பதாகைகளும் கிடக்கும் அறை இருக்கிறதே, அதைக் கேட்கிறேன். தீவுப் பக்கம் நல்ல இடத்தில் அப்படி இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து, பொறுப்பான ஒரு குடும்பத்தின் மேற்பார்வையில், பயிற்சிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் மட்டும் தங்க இடம் கொடுக்கமுடியுமா? உரிமம், தீயணைப்பு விதி என்று தொல்லைகள் இருக்கும். அது முடியாதென்றால், பாயான் லெப்பாஸ், குளுகோர் பக்கம் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடத் தயாராக இருக்கும் தெரிந்த குடும்பங்களின் பட்டியலாவது வேண்டும். கோயிலுக்கு வரும் குடும்பம் என்று ஒரு நிர்வாகி சொன்னால் அந்தத் தாய் நம்புவார். நான் சொன்னால் நம்பமாட்டார்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் அன்றைய பணத்தில் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அப்படி எழுந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அந்தப் பத்து வெள்ளிக்கு யாரும் மேடையில் படம் எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டம் கைமாறுவதற்கு முன்பே பணம் சேர்ந்திருக்கவேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. அந்தச் சங்கம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. தாத்தாவின் பங்குச் சான்றிதழ் அலமாரியில் மங்கிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, முறைப்படி மாற்றிக்கொண்டிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பித்திருக்கும்.

இதுபோலத் தெரியாமல் கிடக்கும் வழிகளைப் பற்றித்தான் முகப்பில் நான் வேலை நேரத்தில் திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்பா வேலை விபத்தில் இறந்துவிட்டாரா, இயலாமை ஓய்வூதியம் வாங்குகிறாரா என்று கேட்பேன். ஆமாம் என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் பிள்ளைகளுக்குக் கல்விக் கடனுதவி இருக்கிறது. அம்மாவுக்கு ஊழியர் சேமநிதி இருக்கிறதா என்று கேட்பேன். 2024 மே மாதம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட கணக்கில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். முதுமைக்கு வைத்த பணம் என்பதால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் சொல்கிறேன். லோரி ஓட்டுபவர், கடை போடுபவர், வீட்டுவேலைக்குப் போகிறவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வருமான உறுதிக் கடிதத்தில் கையெழுத்திட ஓர் அதிகாரி கிடைக்காமலே சில விண்ணப்பங்கள் செத்துப்போகின்றன. அடையாள அட்டைச் சிக்கலில் இருக்கும் பிள்ளைகளுக்கோ, குடியுரிமை இல்லாமல் பி.டி.பி.டி.என். கதவே இல்லை, அவர்களுக்கு உங்கள் நிதியில் ஒரு பங்கைத் தனியாகவே வைக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது ஒரு மேசை, ஒரு பிரிண்டர், இணையத் தொடர்பு, பாரம் நிரப்பத் தெரிந்த இரண்டு மூன்று பேர். தேர்வு முடிந்து முடிவு வரும்வரை உள்ள இடைவெளியில், வாரம் ஒரு மாலை, ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில். எஸ்.எஸ்.பி.என். கணக்கை அப்போதே திறந்துவிடலாம், குறைந்தது இருபது ரிங்கிட் போட்டால் போதும். அடையாள அட்டைப் பிரதிகள், வருமானக் கடிதம், பள்ளியின் புறப்பாடச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே கோப்பில் தயாராகிவிடும். எந்த நிறுவனத்தின் உபகாரச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, ஜாமீன் கையெழுத்து எத்தனை பேர் போடவேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுக்க நேரமும் இருக்கும். ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் கிடைத்த கடனை விட்டுவிட்டவர்கள் உண்டு. நிர்வாகக் குழுவில் உள்ளவர்கள் நன்கு தெரிந்த ஒரு குடும்பத்துக்காவது கையெழுத்துப் போட மனம் வைப்பீர்களா என்பதையும் கேட்டு வைக்கிறேன். சங்கடமான கேள்விதான்.

சனிக்கிழமை மதியத்துக்குமேல் எனக்கு வேலை இல்லை. எந்தக் கோயில் மண்டபம், எத்தனை மணிக்கு என்று சொன்னால் நான் வந்துவிடுகிறேன். வேறு கல்லூரிகளின் முகப்பில் இருக்கும் இரண்டு தோழிகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்திக்கு பி.டி.பி.டி.என். பாரம் தலைகீழ்ப் பாடம். உங்கள் பொருளாளரையும் அன்றைக்கு அவசியம் வரச் சொல்லுங்கள், கைமாற்று நிதியை எப்படிக் கணக்கில் எழுதுவது என்பதை அவரோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு கட்டண முகப்பு ஊழியர்